உன் தலையணைக்கு அடியில் என் கதவு

கோத்தா திங்கி,
தை மாதம், மூன்றாம் வாரம்.

அன்புள்ள மகள் சுகந்தினிக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், நீயும் மருமகன் தேவானந்தனும் அந்த அபர்டீன் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் சாமிப் படத்தின் முன் நின்று கேட்கிறேன். நான் சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக இல்லை, உண்மை, ஆகவே வரிக்கு வரி நிறுத்தி அம்மாவுக்கு என்ன நேர்ந்ததோ என்று தேடிக்கொண்டு வாசிக்காதே. விழவில்லை, காய்ச்சல் இல்லை, பிரஷர் மாத்திரை தவறவில்லை, முழங்கால் எப்போதும் போலத்தான் முனகுகிறது. ஞாயிறு தோறும் முகம் பார்த்துப் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். பேசும்போது நீ என் பேச்சைக் கேட்பதில்லை பிள்ளை, என் முகத்தைப் பரிசோதிக்கிறாய். "அம்மா, வெளிச்சத்துக்கு வாங்கோ, கண்ணுக்குக் கீழே என்ன கறுப்பு, இரவு சாப்பிட்டீங்களா" என்று நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்றாவது கேள்விக்குப் போய்விடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் பேனாவை எடுத்தால் கான்வென்டில் சிஸ்டர்களிடம் படித்த புத்தி வந்துவிடும், முதல் வரியிலேயே உன்னை எழுப்பி நிற்கவைத்துவிடுவேன். அம்மா ஆங்கிலத்துக்கு மாறினால் திட்டு விழப்போகிறது என்று நீ ஆறு வயதிலேயே கண்டுபிடித்தவள் அல்லவா. இது திட்டும் கடிதம் இல்லை.

ஊர்ச் செய்தி முதலில். இந்த முறை ஆற்று வெள்ளம் சந்தை மூலை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது, நம் தெருவுக்கு வரவில்லை. சாமான்களை மேலே ஏற்றி வைத்தது வீண் வேலை, அரிசி டப்பா இன்னும் அலமாரித் தலையில்தான் இருக்கிறது, இறக்கித் தர மீரா பீவியின் மகன் முஸ்தபா வர வேண்டும். அவன் இன்னும் சிங்கப்பூர் வேலைக்குத்தான் போகிறான், விடியுமுன் மோட்டார் சைக்கிளை எடுத்தால் இருட்டிய பிறகுதான் வருகிறான், பாலத்தில் நெரிசல் என்றால் அதற்கும் பிறகு. மீரா பீவி எப்போதும் போல அடுத்த வீட்டிலிருந்து மதில் மேல் கையை வைத்துக்கொண்டு என் வாழ்க்கையை நடத்துகிறாள். நம் வீட்டுச் செம்பருத்தி கொள்ளாமல் பூக்கிறது. அதைப் பறிப்பவளும் இப்போது அவள்தான். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பூட்டைப் பற்றி எழுத வேண்டும். அது வந்த கதை உனக்குத் தெரியும், ஆனால் என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை. போன வருட வெள்ளத்தில் நான் மீரா பீவியோடு பள்ளிக்கூடத்துத் துயர் துடைப்பு மையத்துக்குப் போனேன், கைத்தொலைபேசி வழியிலேயே நனைந்து செத்துப்போனது, உன் எண் அதற்குள்தான் இருந்தது, என் தலைக்குள் இல்லை. இரண்டு நாள் நான் அந்த மண்டபத்தில் பாய் விரித்து, கஞ்சி குடித்து, பக்கத்துப் பாய்க்காரி குறட்டையைச் சகித்துக்கொண்டு சௌகரியமாகவே இருந்தேன். நீ அங்கே செத்துப் பிழைத்தாய். நீ கூப்பிட்டுத் தீயணைப்புப் படை வந்தது, அவர்கள் படகில் வந்து கிரில் கதவை அறுத்து, ஆளில்லாத வீட்டைக் காப்பாற்றிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் நீ வந்து இறங்கியபோது உன் முகத்தைப் பார்த்தேன், அப்பா போன அன்று கூட நீ அப்படி இருக்கவில்லை. அதனால்தான் வாசல் கிரிலுக்கும் பின்வாசல் கிரிலுக்கும் அந்த எண் பூட்டை நீ போட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. சாவி தேட வேண்டாம், நாலு எண்ணை அமுக்கினால் போதும், கதவைத் திறந்தாலும், உள்ளே வந்து மூடினாலும் எனக்குச் செய்தி வரும், அவ்வளவுதான் அம்மா என்றாய். அவ்வளவுதான் என்றுதான் நானும் நினைத்தேன். மருமகன் சொன்ன பிறகுதான் அந்தச் செய்தி எங்கே போய் விழுகிறது என்று தெரிந்தது.

அவரைக் கோபிக்காதே. ஐப்பசியில் ஒரு நாள் தனியாக அழைத்தார், "மாமி, நான் சொன்னது எண்டு அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்று தொடங்கினார், நல்ல பிள்ளை, இரகசியம் பேசத் தெரியாமல் இருமிக்கொண்டே பேசினார். நீ தொலைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறாய், என் கதவு திறந்தால் அது மணி அடிக்கிறது, இங்கே காலை என்றால் அங்கே நடு இரவு, எழும்பி உட்காருகிறாய், நான் திரும்பி வந்து கதவை மூடிய செய்தி வரும் வரைக்கும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாய் என்றார். அந்த வாரம் வேலைக்குப் போகும் வழியில் கண் சொருகி நீ காரை நடைபாதையில் ஏற்றினாயாம். நடைபாதையில் ஆள் இல்லை, கடவுள் இருந்தார். எனக்கு நீ சொன்னது கார் சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று. நான் சந்தையில் கிழங்கான் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு, விலை பேசி, வழியில் கண்டவளிடம் அவள் மருமகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வருகிற நேரம் முழுக்க நீ அங்கே இருட்டில் விழித்துக் கிடந்திருக்கிறாய். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் சோதித்துப் பார்த்தேன். வாசல் கிரிலைத் திறந்துவிட்டு வாட்ஸ்அப்பில் உன் பெயரைப் பார்த்தேன், பெயருக்குக் கீழே "ஆன்லைன்" என்று வந்தது. மூடினேன். கொஞ்ச நேரத்தில் அது போய்விட்டது. என் குழந்தையை நான் ஒரு பூட்டால் உலுக்கி எழுப்பி, அதே பூட்டால் படுக்க வைத்தேன்.

அன்றிலிருந்து நான் காலையில் கதவைத் திறக்கவில்லை.

யாரும் சொல்லி இல்லை, நானே. நீ எழும்பும் நேரம் இங்கே பின்னேரம், அதுவரை கிரில் மூடியே இருக்கும். மரக் கதவில் அந்த எண் பூட்டு இல்லாததால் அதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு கம்பிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். பின்னேரம் வெளியே போகலாம் என்றால் சந்தை முடிந்திருக்கும், கார்த்திகை வந்த பிறகு அந்த நேரத்துக்கென்றே மழை காத்திருக்கும். வெள்ளிக்கிழமைக் காலைப் பூசை போயிற்று. என் முற்றத்துப் பூ எனக்கு மூன்று எட்டுத் தூரத்தில், நான் கம்பிக்கு இந்தப் பக்கம். மீரா பீவி பறித்துக் கம்பி வழியாக நீட்டுவாள். "எம்புள்ள பாத்தான்னா, உம்மா எப்ப கோயிலுக்கு மாறுனீங்கன்னு கேப்பான் க்கா" என்று சிரிப்பாள். காய்கறி கம்பி வழியாக வந்துவிடும், பேப்பர் சுருட்டினால் வந்துவிடும், பூசணிக்காயைத் துண்டு போட்டுக் கொண்டுவந்தாள். தேநீர்க் குவளை நுழையாது, நான் இந்தப் பக்கம் டம்ளரைக் கம்பியோடு சேர்த்துப் பிடிக்க அவள் அந்தப் பக்கத்திலிருந்து சரித்து ஊற்றுவாள், பாதி என் கையில் ஊற்றிவிட்டு ஐயோ அலமாக் என்பாள். நாங்கள் இதைப் பழகிக்கொண்டோம் என்பதுதான் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. தெருவில் போகிற செம்பனைக் குலை லாரிகளை எண்ணுவேன். எதிர் வீட்டுப் பூனை வந்து கம்பிக்குள் நுழைந்து, என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்ப வெளியே போகும். அந்தப் பூனை மேல் எனக்கு வந்த பொறாமையை எந்த மனிதர் மேலும் நான் பட்டதில்லை.

ஆனால் நீ தூங்கினாய். அதுதான் விஷயம். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயே சொன்னாய், "இப்பவெல்லாம் நல்லா நித்திரை வருது அம்மா, நீங்களும் காலையில அலையாமல் வீட்டோட இருக்கிறீங்கள், முகம் தெளிஞ்சிருக்கு" என்று. உன் முகமும் தெளிந்துதான் இருந்தது, கன்னத்தில் கொஞ்சம் சதை கூட வைத்திருந்தாய். சரிதான், பலித்துவிட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எப்படித் திறப்பேன், சொல்லு. உன்னைத் தூங்க வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி உள்ளே இருப்பது என்று ஆகிவிட்டது. சின்னதில் நீ தூங்கிய பிறகு என் கை உன் தலைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், எடுத்தால் எழும்பிவிடுவாய் என்று மரத்துப்போகும் வரை அப்படியே கிடப்பேன். இப்போது முழு ஆளும் மாட்டிக்கொண்டேன்.

இந்த வருடப் பொங்கலை நான் முற்றத்தில் வைக்கவில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சூரியன் எழும்பும்போது முற்றத்தில் அடுப்பு மூட்டாத தைப்பொங்கல் கிடையாது, வெள்ள வருடத்தில் கூடச் சேற்றைத் தள்ளிவிட்டு வைத்தோம். இந்த முறை விடியற்காலையில் பட்டுச் சேலை கட்டி, கிரிலுக்கு உள்ளே தரையில் கோலம் போட்டு, சின்ன கேஸ் அடுப்பில் பானையை வைத்து, கம்பி இடுக்கில் தெரிந்த துண்டுச் சூரியனைப் பார்த்துக் கும்பிட்டேன். பானையைப் படம் எடுத்து அனுப்பினேன். "சூரியனைக் காணேல்லையே அம்மா" என்று கேட்டாய். மழை மூட்டம் என்றேன். மூட்டம் இல்லை, நல்ல வெயில். அந்தக் காட்சியை நீ பார்க்கவில்லை, எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் இளம் தம்பதிகள் பார்த்தார்கள். பட்டுச் சேலை கட்டிய ஒரு கிழவி கம்பிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து வெளியே பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறாள். அவர்கள் என்ன நினைப்பார்கள். ஏற்கெனவே தினமும் கம்பி வழியாகச் சாப்பாடு போவதையும் பார்த்திருக்கிறார்கள். போய்ச் சொல்லிவிட்டார்கள்.

பொங்கல் முடிந்து நாலைந்து நாளில் சமூக நல இலாகாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். தலையில் தூடோங் முக்காடு, கையில் கோப்பு, நல்ல பணிவு. மக்சிக், அத்தை என்றுதான் என்னை அழைத்தாள். உங்களை யாராவது உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்களா என்று குரலைத் தாழ்த்தி மலாயில் கேட்டாள், உள்ளே யாரோ ஒளிந்து நின்று கேட்பது போல. எனக்குத் தலையிலிருந்து கால் வரைக்கும் சுட்டது. வடிகால் நீர்ப்பாசன இலாகாவில் இந்த ஆற்றையே அளந்த கனகசபையின் மனைவி ஞானேஸ்வரி, என்னைப் பார்த்து. யாரும் பூட்டவில்லை என்று முதலில் மலாயில் சொன்னேன், பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன், எந்த ஆங்கிலம் என்று உனக்குத் தெரியும். அவள் அசரவில்லை. இந்தப் பூட்டைத் திறக்க யாருக்குத் தெரியும் மக்சிக் என்றாள். எனக்கும் என் மகளுக்கும். மகள் எங்கே. ஸ்காட்லாந்தில். அப்படியானால் நீங்களே திறந்து காட்டுங்கள், நான் போய்விடுகிறேன் என்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நீ முதல் தூக்கத்தில் இருக்கிற நேரம். பின்னேரம் வாருங்கள், திறந்து காட்டுகிறேன் என்றேன். அவள் கோப்பில் ஏதோ எழுதினாள். மதிலுக்கு மேலே மீரா பீவியின் தலை வந்துவிட்டது. "அட அல்லா, அவங்கள யாரும் பூட்டல லா! அவங்களே உள்ள உக்காந்துகிட்டு இருக்காங்க, கதவத் தொறந்தா சீமையில மவ முழிச்சிக்குமாம்!" என்று தமிழில் கத்திவிட்டு, அதையே மலாயிலும் சொன்னாள். மலாயில் கேட்டபோது இன்னும் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் சந்தேகம் போய் இரக்கம் வந்துவிட்டது. சந்தேகத்தையாவது தாங்கிக்கொண்டிருப்பேன். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றால் நீ தாயைப் பூட்டி வைத்தவள், கதவைத் திறந்தால் உன் தூக்கம் போயிற்று. திறந்தேன். நாலு எண்ணையும் அமுக்கிக் கிரிலை அகலத் தள்ளி வெயிலில் வந்து நின்றேன். செருப்பு கூடப் போடவில்லை.

உடனே தொலைபேசி அடித்தது. "அம்மா, எங்க போறீங்கள் இந்த நேரத்தில, ஆர் வாசல்ல?" என்று கேட்டாய், உன் குரலில் தூக்கமே இல்லை, அவ்வளவு சீக்கிரம். கேஸ்காரன் வந்திருக்கிறான், படு பிள்ளை என்றேன். கேஸ்காரன் இல்லை. இப்போது தெரிந்துகொள்.

அந்தப் பெண் உள்ளே வந்து தண்ணீர் குடித்தாள், பொங்கலில் போட்டது போக மிச்சமிருந்த முந்திரியைக் கொடுத்தேன். அவளுடைய அம்மா மெர்சிங்கில் தனியாக இருக்கிறாளாம், தொலைபேசியை எடுப்பதே இல்லையாம், நினைத்தால் தனக்கு அலுவலகத்தில் கை ஓடாது என்றாள். எழுந்து போகும்போது பூட்டைத் தடவிப் பார்த்து, இதை எங்கே வாங்கினீர்கள் மக்சிக் என்று கேட்டாள். தெரியாது என்றேன். தெரியும். அந்த மெர்சிங்காரியை நான் கண்டதில்லை, ஆனாலும் அவளுக்கு என்னால் முடிந்ததைச் செய்தேன்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். கவலைப்படாதே என்று உன்னிடம் சொல்லமாட்டேன், அப்படிச் சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. அடுத்த வீட்டில் மீரா பீவி, மகன் வண்டியை எடுத்ததும் பிஸ்மில்லா சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவேன் என்று தெருவெல்லாம் சொல்கிறாள். பொய். நடுச்சுவர் மெல்லிய சுவர், அவன் போன பிறகு அவள் குழாயைத் திறப்பதும் பாத்திரத்தைத் தேய்ப்பதும் எனக்குக் கேட்கும், சுத்தமான பாத்திரத்தைத் திரும்பத் தேய்க்கிறாள். ஆனால் இரவு அவன் வந்து செருப்பைக் கழற்றும்போது, என்ன வாங்கிட்டு வந்தே என்று மட்டும்தான் கேட்பாள். கவலை அவளுடையது, அதைத் தன் சமையலறையிலேயே வைத்துக்கொள்கிறாள், அவன் வண்டியில் ஏற்றி அனுப்புவதில்லை. அப்பாவும் அப்படித்தான். அடைமழை நாட்களில் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் ஆற்றின் அளவுகோலைப் போய்ப் பார்ப்பார். நான் பதறிப்போய் நடுவில் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். "நடுவில் போய் நான் முறைத்துப் பார்த்தால் தண்ணீர் வெட்கப்பட்டு இறங்குமா?" என்று கேட்டுவிட்டுச் சாய்மனைக்கதிரையில் சாய்ந்துகொள்வார். அவர் தூங்கவில்லை, எனக்குத் தெரியும், கால் பெருவிரல் ஆடிக்கொண்டே இருக்கும். ஆனாலும் போகமாட்டார்.

ஆகவே நீ அந்த மணியை நிறுத்து. பூட்டைக் கழற்றச் சொல்லவில்லை, எனக்கும் இப்போது அது வசதிதான், சாவி தேட வேண்டாம். கதவு எப்போது திறந்தது எப்போது மூடியது என்பதை விடிந்து பல் விளக்கிய பிறகு பார், அதற்குள் நான் வீட்டுக்கு வந்து, சமைத்து, சாப்பிட்டு, குட்டித் தூக்கமும் போட்டிருப்பேன். ஏதாவது நடந்துவிட்டால் என்று கேட்பாய். நடக்கலாம். ரோட்டில் விழுந்தேன் என்றால் நீ அங்கே விழித்துக் கிடந்து என்னைத் தூக்க முடியாது, ரோட்டில் நிற்பவர்கள்தான் தூக்குவார்கள், இந்த ஊரில் தூக்குவார்கள். உனக்குச் செய்தி வரும். அழுவதற்கு அப்போது நேரம் இருக்கும். அதற்கு முன்பே தினமும் ஒத்திகை பார்க்காதே. நானும் ஒன்று விட்டுவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் உன் பெயருக்குக் கீழே நீ கடைசியாக எப்போது விழித்திருந்தாய் என்று நான் ஒரு நாளைக்குப் பல தரம் எடுத்துப் பார்க்கிறேன், நீ கதவைப் பார்ப்பது போல நான் அதைப் பார்க்கிறேன். இனிப் பார்க்கமாட்டேன். கஷ்டமாக இருக்கும். கையை வேறு எதிலாவது வைத்துக்கொள்வேன், என்னிடமும் பாத்திரம் இருக்கிறது.

நீ சம்மதிப்பாயோ, இல்லை இதை வாசித்துவிட்டு வாசலில் கேமராவும் மாட்டுவாயோ தெரியாது. மாட்டினால் அதையும் துடைத்து வைத்துக்கொண்டு இருப்பேன், உன்னோடு சண்டை போட எனக்குத் தைரியம் இல்லை, உன் முகம் அப்படி. ஆனால் நாளைக் காலையில் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட நானே நடந்து போகப்போகிறேன். மீரா பீவியிடம் கொடுத்தனுப்பலாம், அவள் கேட்டும் பார்த்தாள், கொடுக்கமாட்டேன். வழியைச் சுருக்கவும் மாட்டேன். ஆற்றோரமாகப் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு, தபால் நிலையம், பிறகு சந்தை, மீனைப் புரட்டிப் பார்த்து வாங்கி, மெதுவாக வருவேன். நீ இதை வாசிக்கும்போது அது பழைய கதையாகியிருக்கும். தை மாதத்தில் ஒரு இரவு வெகு நேரம் கதவு மூடிய செய்தி வரவே இல்லையே, கூரையைப் பார்த்துக் கிடந்தாயே, அந்த இரவு இதுதான். உன்னைக் காக்க வைத்தேன். மன்னித்துக்கொள்.

மற்றபடி, இரத்தச் சோகைக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடு, தேநீரோடு விழுங்காதே. தூக்கக் கலக்கம் இருந்தால் காரைத் தொடாதே, மருமகன் கொண்டுபோய் விடட்டும். காலுறை இல்லாமல் தரையில் நடக்கிறாய், படத்தில் பார்த்தேன். முருகன் உங்கள் இருவரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும், உன் வீட்டில் இரவு இரவாக இருக்கட்டும். பதிலைத் தமிழிலேயே எழுது, பிழை இருந்தால் திருத்தி அனுப்புவேன்.

என்றும் உன் நன்மையையே வேண்டும் அம்மா,
ஞானேஸ்வரி கனகசபை.

பி.கு. இதைத் தபால் நிலையத்து மேசையில் நின்றுகொண்டு எழுதுகிறேன், எழுத்துக் கோணலுக்கு மேசைதான் காரணம், என் கை இல்லை. உறையை ஒட்டப் போனபோது பைக்குள் தொலைபேசி அடித்தது. எடுக்காமல் விடவேண்டும் என்றுதான் நினைத்து வந்தேன். எடுத்துவிட்டேன். கடிதம் போட வந்தேன், தூங்கு என்றேன். "கடிதமா? ஆருக்கு அம்மா?" என்று கேட்டாய். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உனக்குத்தான் பிள்ளை. இன்னும் சந்தைக்குப் போகவில்லை, போகப்போகிறேன்.